மூத்தவள் கையெழுத்து

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வழியில் பிடித்த தொண்டைக் கரகரப்பு வழியிலேயே போய்விட்டது. உன் முதுகுவலி எப்படி? அத்தானுக்கு இருமல் குறைந்ததா? குட்டிக்கு விழுந்த முன்பல் முளைத்ததா என்று எழுது. பொக்கை வாயோடு அவள் கையசைத்தது கண்ணிலேயே நிற்கிறது.

இது வீடாம். உள்ளே இரண்டு முறை வழி தவறிவிட்டேன். தையலறை மூன்றாம் மாடியில். பன்னிரண்டு பேர், ஆறு ஜன்னல். தினமும் காலையில் இடத்துக்கு அடிதடி. எங்கள் மேற்பார்வைக்காரியின் இடுப்பில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் தொங்குகிறது. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று எங்களுக்குள் பந்தயம். கத்தரிக்கோலம்மா என்றுதான் கூப்பிடுகிறோம், அவர் காதில் விழாமல்.

இந்த வீட்டுப் பெண்ணுக்குப் பதினெட்டு ஆகிறது. அடுத்த மாதம் அறிமுக விருந்து. மேல்குடிக்காரர்கள் அத்தனை பேரும் கூடியிருக்க, அவள் தானே பூவேலை செய்த கவுனை அணிந்து வந்து, துணியில் தைத்ததை மூச்சால் உயிர்ப்பித்துக் காட்ட வேண்டும். காட்டினால்தான் குலம், கல்யாணம் எல்லாம்.

முதல் நாளே கத்தரிக்கோலம்மா எங்களை வரிசையாக நிறுத்திவிட்டார். "யாருக்காவது கை ஊறுதா? தைச்சது தானா அசையுதா? இருந்தா இப்பவே சொல்லிட்டு மூட்டையைக் கட்டுங்க. அவங்களுக்கு அது வம்சப் பெருமை. நமக்கு வந்தா குற்றம். பதிவகத்துக்காரங்க வந்து மணிக்கட்டுல இரும்பு வளையம் பூட்டிடுவாங்க. சாகிற வரைக்கும் கழட்ட முடியாது."

நான் தூண் மாதிரி நின்றேன். நீயும் நானும் சின்ன வயதிலிருந்து பழகியபடியே, முடிச்சுப் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். கவலைப்படாதே.

உன் சின்னவள்

மார்ச் 19

என் சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. இங்கே மூவரும் சௌக்கியம். அச்சகத்தில் உன் அத்தானுடைய எழுத்துக் கோர்க்கும் மேசையை ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டார்கள், இருமல் பாதியாகிவிட்டது. நான் வழக்கம்போல அச்சான தாள்களை மடித்துக் கொடுக்கிறேன். ஊசி நூலைத் தொடுவதே இல்லை. பொத்தான் அறுந்தால்கூடப் பக்கத்து வீட்டு அம்மாவிடம்தான் கொடுக்கிறேன். "இதுகூடத் தெரியாம எப்படித்தான் குடும்பம் நடத்தறியோ!" என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் கை ஊறுவது உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது. அவர் என் கடிதங்களைப் பிரிக்க மாட்டார், ஆனாலும் பார்த்து எழுது.

நம் தெருவில் பால் ஊற்றினாளே, அவள் கை நினைவிருக்கிறதா? வளையம் பூட்டிய ஒரே வருடத்தில் விரல்கள் மடங்காமல், பால் செம்பை முழங்கையில் இடுக்கிக்கொண்டு வருவாள். வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதே.

குட்டிக்குப் பல் முளைத்துவிட்டது. கடிக்க ஆள் தேடுகிறாள்.

அக்கா

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றி நீ கேட்காமலிருந்தால் நல்லது. நீ உட்கார்ந்து படி.

இந்த வீட்டுப் பெண்ணுக்கு உயிர்ப்பு இல்லை. நான் ஒரு திரைச்சீலையை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். அலுப்பில் மூச்சைப் பிடிக்க மறந்துவிட்டேன். துணியிலிருந்த குருவியின் சிறகு படபடத்தது. நிமிர்ந்தால் வாசலில் அவள். கத்துவாள் என்று பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு வருஷமா முயற்சி பண்றேன். ஒரு நூல்கூட அசையல. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட புதைச்சிடுவாங்க. நீ தைச்சுக் குடு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மறுக்கிற நிலையிலா இருந்தேன்? தைத்தேன். விருந்தன்று மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவுக்குப் பின்னால், வாயில் குண்டூசிகளோடு, அவசரத் தையலுக்கு நிற்பவள் போல நின்றேன். அவள் உதட்டைக் குவித்தாள். நான் மூச்சு விட்டேன். அக்கா, ஏழு குருவிகள். கவுனை விட்டுக் கிளம்பி, சரவிளக்கைச் சுற்றி வந்து, அவள் தோளில் இறங்கின. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. வாழ்க்கையில் ஒருமுறையாவது என் கை செய்வதை முழுதாகப் பார்த்துவிட்டேன்.

சரியாகச் சொன்னால், ஆறுதான் அவள் தோளில் இறங்கின. ஏழாவது கதவிடுக்கு வழியாக வந்து என் தோளில் உட்கார்ந்துகொண்டது. அந்த நடையில் பதிவகத்து இளம் அதிகாரி நின்றிருந்தார். நல்ல குலம், நெடுநெடுவென்று உயரம். தையலறையில் அவருக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். என்னைப் பார்த்தார். குருவியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். குருவியை அதற்குள் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு நாளாகிறது. யாரும் வரவில்லை.

சின்னவள்

ஏப்ரல் 23

சின்னவளே,

நலம் விசாரிக்கக்கூடக் கை ஓடவில்லை. உடனே கிளம்பி வா. துணிமணி போனால் போகட்டும். சும்மா போனவன் சும்மா இருக்க மாட்டான். என்றைக்கோ ஒருநாள் விலை கேட்பான்.

அக்கா

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அத்தான், குட்டி மூவரும் சுகமா? ஒரு மாதமாக எழுதாததற்குத் திட்டிவிட்டு மேலே படி. நான் வரவில்லை. வர முடியவில்லை என்று எழுதினால் பொய், வர மனமில்லை.

அவர் தொப்பியோடு திரும்பி வந்தார். உள்ளே குருவி இல்லை, ஒரு பிடி நீல நூல்தான். "உங்க நூல்" என்று நீட்டினார். "பிடிச்சுக் குடுக்க வந்தீங்களா?" என்றேன். "நூலைக் குடுக்கத்தான் வந்தேன். போன வாரம் மூணு பேருக்கு வளையம் பூட்டினேன். அதுல ஒரு அம்மா, பூட்டி முடிச்சதும் எனக்கு நன்றி சொன்னாங்க. பழக்கம் போல. அதுக்கப்புறம் எனக்குச் சரியா தூக்கமில்லை" என்றார்.

அதற்குப் பிறகு மதிய உணவு நேரத்தில் துணி வைக்கும் அறைக்கு வருவார். இஸ்திரி மேசைகளுக்கு நடுவே எனக்கு நடனம் சொல்லிக்கொடுத்தார். அவர் காலை நான் மிதித்த கணக்கைப் பார்த்தால் அவர் இன்னும் நடப்பதே அதிசயம். சிரிக்காதே. எனக்குப் பத்தொன்பது வயது அக்கா. என்னை யாரும் இதுவரை இப்படி நின்று பார்த்ததில்லை.

இப்போது முக்கியமான விஷயம். பழைய சட்டம் ஒன்று இருக்கிறதாம். சாதாரணக் குடும்பமும் மனுப்போட்டுப் பதிவாகலாம். பதிவானால் வளையம் கிடையாது, மேல்குடியில் மணம் செய்யவும் தடையில்லை. செப்டம்பர் 15இல் பதிவகத்தின் மன்றம் கூடுகிறது. ரத்த உறவில் மூத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நீதானே மூத்தவள்? உன் கையும் ஊறுகிறது என்பது அதில் வரும். அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல். பயப்பட ஒன்றுமில்லை, உனக்கும் அது பாதுகாப்புத்தானே!

கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டுவிட்டார். நான் சரி என்றுவிட்டேன். தாள்கள் உன் பெயருக்கு வரும். வந்த அன்றே ஒப்பமிட்டு அனுப்பு. குட்டிக்கு ஒரு முத்தம், கடிபடாத இடமாகப் பார்த்து.

உன் சின்னவள்

ஜூலை 10

அக்காவுக்கு,

நலமா? பதிலே இல்லை. தாள்கள் வந்தனவா? ஒரு வரி போதும்.

சின்னவள்

ஜூலை 28

என் சின்னவளுக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நல்ல வெயில். தாள்கள் சுருண்டு சுருண்டு வந்து, மடிப்பு வேலை இரட்டிப்பாகிறது. உன் அத்தானுக்கு மறுபடியும் இருமல்; வைத்தியர் கஷாயம் கொடுத்திருக்கிறார், மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார். குட்டியின் உடைகளையெல்லாம் வெறும் வெள்ளையாக மாற்றிவிட்டேன். பூவேலை சீக்கிரம் அழுக்காகிறது. பக்கத்து வீட்டுக்கும் அவளை இப்போது அனுப்புவதில்லை. அங்கே அவள் எந்நேரமும் தையல் கூடையைக் கிண்டிக்கொண்டிருந்தாள், ஊசி குத்திவிட்டால் யார் பார்ப்பது?

நீ கேட்ட தாள் எதுவும் வரவில்லை. அஞ்சல் இப்போதெல்லாம் மோசம்.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் இருமலுக்கு வெந்நீர் ஆவி பிடிக்கச் சொல். உன் குரலைக் கேட்டு எத்தனை மாதமாகிறது!

தாள் வரவில்லை என்றதும் அவர் இரண்டாவது பிரதி எழுதிவிட்டார். இம்முறை பதிவகத் தூதரே நேரில் கொண்டுவந்து தருவார். 15ஆம் தேதிக்குள் இங்கே வந்து சேர வேண்டும். வராவிட்டால் மன்றம் மறுபடி கூட மூன்று வருடம்.

மூன்று வருடம் எனக்குக் கிடையாது அக்கா. எஜமானியம்மா இந்த வீட்டுப் பெண்ணுக்கு அவரைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார். ஏழு குருவிப் பெண் என்று ஊரெல்லாம் புகழ். அவர் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அந்தப் பெண் நேற்று என்னிடம் கேட்கிறாள், "அவருக்கு என்ன நிறம் பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா? நீ அடிக்கடி பேசறியே" என்று. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். தெரியாது என்றேன். நீலம் பிடிக்கும்.

உன்னிடம் இதுவரை எதையும் நான் கெஞ்சிக் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சின்னவள்

செப்டம்பர் 18

என் சின்னவளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் உன் அத்தானின் தம்பி வீட்டுக்குப் போயிருந்தோம். உன் கடிதத்தை நேற்றுத்தான் பார்த்தேன். யாரோ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனதாகக் கீழ்வீட்டில் சொன்னார்கள். தேதியும் போய்விட்டது. என்ன செய்வது? உன் வயதுக்கு மூன்று வருடம் பெரிதல்ல. அவர் மனதில் நீ நிஜமாகவே இருந்தால் காத்திருப்பார். இல்லையென்றால் இப்போதே தெரிந்தது நல்லது.

குளிர் வருகிறது. சால்வையை மறக்காதே.

அக்கா

அக்டோபர் 27

அக்காவுக்கு,

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாக இருக்கும்.

பத்தாம் தேதி அவருக்கும் இந்த வீட்டுப் பெண்ணுக்கும் நிச்சயம். கவுனில் ஒரே ஒரு பெரிய கொக்கு தைக்கச் சொன்னாள். முடியாது என்றேன். "அப்போ பதிவகத்துக்கு நானே ஆள் அனுப்பட்டுமா?" என்றாள். காலடியில் உட்கார்ந்து அழுதவள்தான். தைத்தேன். அதே கதவுக்குப் பின்னால் நின்றேன். மூச்சு விட்டேன்.

கொக்கு எழுந்தது. அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அது அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. மண்டபத்தின் முழு நீளத்தையும் தாண்டி வந்து, இறக்கையாலேயே கதவைத் தள்ளித் திறந்து, என் மேல் சாய்ந்து நின்றது. அத்தனை பேரும் பார்த்தார்கள்.

எஜமானியம்மாவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. "திருடி! என் பொண்ணோட உயிர்ப்பைத் திருடியிருக்கா!" என்றார். எல்லாரும் அதை நம்பினார்கள். நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் பெண் நிஜமாகவே மயங்கி விழுந்தாள்.

அங்கே இருந்த ஒரே பதிவகத்து அதிகாரி அவர்தான். அவர் அம்மா, "என்னடா பார்த்துக்கிட்டு நிக்கறே?" என்றார். அவர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். என் வலது கையைப் பிடித்தார். நடனம் சொல்லிக்கொடுத்தபோது பிடித்த மாதிரியே, நான்கு விரலையும் சேர்த்து. வளையத்தைப் பூட்டினார். நிமிரவே இல்லை. பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் "திருட்டு" என்று எழுதினார். அழகான கையெழுத்து.

பதிவகத்தில் பத்து நாள் வைத்திருந்தார்கள். விடும்போது என்னைப் பற்றிய கோப்பில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். அதில் இரண்டு ஒப்புகைச் சீட்டுகள் இருந்தன. ஜூன் 21. ஆகஸ்ட் 29. தாள்கள் பெற்றுக்கொள்ளப்பட்டன. இரண்டிலும் உன் கையெழுத்து.

ஏன்?

நவம்பர் 9

என் சின்னவளுக்கு,

எப்படியிருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கில்லை. கை வலித்தால் நல்லெண்ணெய் சூடாக்கித் தடவு. விரல்களை மடக்கி மடக்கி நீட்டு, விட்டுவிடாதே.

இரண்டு முறையும் தாள்கள் வந்தன. இரண்டு முறையும் பேனாவை எடுத்தேன். உன் அத்தானுக்குத் தெரிந்துவிடும் என்றோ, என் கையைச் சோதிப்பார்கள் என்றோ தயங்கவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

மே மாதம் ஒரு காலை, பக்கத்து வீட்டிலிருந்து குட்டி ஒரு கந்தல் துணியோடு ஓடிவந்தாள். அந்த அம்மா விளையாட்டாக ஊசியைக் கொடுத்திருக்கிறாள். இவள் கோணலாக ஒரு நத்தை தைத்திருக்கிறாள். "அம்மா, இங்க பாரு, போகுது" என்றாள். துணியின் ஓரம் வரை ஊர்ந்து போய், விளிம்பில் கொம்பை நீட்டிக்கொண்டு நின்றது. ஆறு வயது அவளுக்கு. துணியை அடுப்பில் போட்டேன். அன்று முழுக்க அழுதாள். "நத்தைக்குச் சுடும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஜூனில் உன் மனு வந்தது. கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் இருந்தது: பதிவாகும் சாதாரணக் குடும்பத்தில் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் பதிவகத்தின் விடுதியில் ஒப்படைக்கப்பட வேண்டும், பெற்றோர் ஆண்டுக்கு ஒரு நாள் பார்க்கலாம். பொடி எழுத்தைப் படித்தே பழகிய வீடு இது, என் கண்ணில் பட்டுவிட்டது.

முடியாது என்று உனக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் ஏன் என்று கேட்பாய். கேட்டால் குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் நீ அவரிடம் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். உனக்கு அவர் எப்படியோ, எனக்கு அவர் பதிவகத்துக்காரர். அதனால் வரவில்லை, வரவில்லை என்றே எழுதினேன். நீ சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அந்தக் கதவுக்குப் பின்னால் மறுபடி நிற்பாய் என்று நினைக்கவில்லை.

உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், "அவளைக் கூட்டிட்டு வந்துடு" என்றார். நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது, அன்றே கிளம்புகிறேன்.

அக்கா

டிசம்பர் 3

அக்காவுக்கு,

துறைமுகத்தில் கப்பல் பாய் தைக்கும் கொட்டகையில் வேலை கிடைத்திருக்கிறது. தைப்பதில்லை. நூலுக்கு மெழுகு ஏற்றுகிறேன். அதற்கு இடது கை போதும். வலது கையில் சுண்டுவிரல் மடங்குவதில்லை. மற்ற நான்கும் இன்னும் மடங்குகின்றன. உணவு ஒழுங்காகக் கிடைக்கிறது. இங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. பாதிப் பேருக்கு மணிக்கட்டில் ஏதாவது ஒன்று இருக்கிறது.

போன வாரம் அவர் வந்தார். அந்தப் பெண்ணோடு அடுத்த மாதம் கல்யாணமாம். ஆற்றங்கரையில் ஒரு சின்ன வீடு பார்த்திருக்கிறாராம், எனக்கு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"குழந்தைகளை விடுதியில ஒப்படைக்கணும்னு மனுவுல இருக்கே, அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் அக்கா பொண்ணுக்கு ஆறு வயசுன்னும் தெரியுமில்ல? நான்தான் அவளைப் பத்தி ஓயாம பேசினேனே."

"தெரியும்" என்றார்.

"சொல்லியிருந்தா நீ சம்மதிச்சிருப்பியா?" என்றார்.

அவராகப் போகும்வரை மெழுகை உருட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டியது. "என்னிடம் சொல்லியிருந்தால் அந்த மனுவை நானே கிழித்துப் போட்டிருப்பேன்" என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கசக்கி எறிந்துவிட்டேன். ஜூன் மாதம் நான் இருந்த இருப்புக்கு, கிழித்திருப்பேனா, இல்லை அவரிடம் ஓடிப்போய்ச் சொல்லி எல்லாரையும் மாட்டிவிட்டிருப்பேனா, எனக்கே தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அதை எனக்குத் தராமலே முடித்துவிட்டீர்கள். கையைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். இதை மன்னிக்க வரவில்லை.

நீ செய்தது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

வராதே. இங்கே பதிவகத்தார் மாதம் ஒருமுறை வந்து வளையத்தைச் சோதிக்கிறார்கள். என்னைப் பார்க்க வருகிறவர்களின் பெயரையும் ஊரையும் எழுதிக்கொள்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் மெழுகு உருக்கும் அடுப்பில் போட்டுவிட்டேன். கோபத்தில் இல்லை. குட்டியின் நத்தையைப் பற்றி அதில் எழுதியிருந்தாய்.

இதையும் படித்ததும் எரித்துவிடு. இனிமேல் எழுதாதே. எழுதினால் திறக்காமலே அடுப்பில் போடுவேன்.

சின்னவள்